பின்தங்கிய பள்ளி என்று எழுதுவது யார்? கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நாளிதழ்களில் ஒரு பட்டியல் வரும். அரசுப் பள்ளி இத்தனை சதவீதம், உதவிபெறும் பள்ளி இத்தனை சதவீதம், ஆதிதிராவிடர் நலப் பள்ளி இத்தனை சதவீதம், கள்ளர் சீரமைப்புப் பள்ளி இத்தனை சதவீதம் என்று நிர்வாக வாரியாகப் பிரித்துப் போடுவார்கள். தேனி மாவட்டத்தில் இந்த எல்லா வகைப் பள்ளிகளும் உண்டு. பட்டியலின் அடியில் நிற்கும் பள்ளியின் தலைமை ஆசிரியர் விளக்கம் எழுதிக் கொடுப்பார். ஊரில், "அந்தப் பள்ளிக்கூடம் அப்படித்தான்" என்பார்கள். அந்தப் பேச்சின் உண்மையான பொருள் "அந்தப் பிள்ளைகள் அப்படித்தான்" என்பது. அதைச் சொல்பவருக்கும் தெரியும், கேட்கிற நமக்கும் தெரியும்.

பள்ளியை அளக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. அளக்காமல் விட்டால் முதலில் கைவிடப்படுவது சேரிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிதான். அளந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதே நம் கேள்வி. இந்த நாட்டில் பள்ளிகளை அளக்கத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. பின்தங்கிய பள்ளியைக் கண்டுபிடித்த பிறகு அரசு மூன்று விதமாக நடந்திருக்கிறது. சில காலம் தண்டித்தது, சில காலம் தனியே ஒதுக்கி வைத்தது, சில காலம் உதவியது. எந்தக் காலத்தில் எது நடந்தது, யார் கேட்டதால் நடந்தது என்று தெரிந்துகொண்டால்தான் இன்றைக்கு என்ன கேட்பது என்பதும் தெரியும்.

தேர்ச்சிக்குக் கூலி

1862இல் இங்கிலாந்தில் ஒரு விதி வந்தது. ஆய்வாளர் பள்ளிக்கு வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்வார். எத்தனை பேர் தேறினார்களோ அதற்கேற்ப மானியம். சென்னை மாகாணத்திலும் 1860களில் இந்த முறை வந்தது. திண்ணைப் பள்ளிக்கூடங்கள் மானியத்துக்குள் வந்ததும் இதன் வழியாகத்தான். அரசுக்கு இது வசதியாக இருந்தது. தேறாத பிள்ளைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் பண்ணை வேலைக்குப் போன பிள்ளை ஆய்வாளர் வரும் நாளில் இருக்க மாட்டான். வீட்டில் எழுத்தே இல்லாத தலைமுறையின் முதல் பிள்ளை, ஓராண்டில் அடுத்த வகுப்புக்குத் தேறுவது அரிது. எனவே சேரியில் பள்ளி நடத்துபவருக்கு மானியம் குறையும். குறைந்தால் வாத்தியாருக்குச் சம்பளம் இல்லை. வாத்தியார் போனால் பள்ளி மூடப்படும். ஊருக்குள் இருக்கும் பள்ளிக்கோ, ஏற்கெனவே எழுத்து தெரிந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதே லாபம். தீண்டாமை ஏற்கெனவே மூடிவைத்திருந்த கதவுக்குக் கணக்கும் ஒரு தாழ்ப்பாள் போட்டது.

இந்த முறை தோற்றது என்று அரசே ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. கர்சன் காலத்தில், 1904இல் வெளியான இந்திய அரசின் கல்விக் கொள்கைத் தீர்மானம் இதைக் கைவிடச் சொன்னது. ஆனால் தேர்ச்சி விழுக்காட்டை வைத்தே பள்ளியை மதிப்பிடும் பழக்கம் போகவில்லை. இன்றைய மே மாதப் பட்டியல் அந்தப் பழக்கத்தின் வாரிசு.

1893: சமமாக அளப்பது நியாயம் ஆகாது

இதற்கு நடுவே நம் வரலாற்றில் முக்கியமான ஓர் ஆண்டு 1893. செங்கல்பட்டு மாவட்டப் பறையர் நிலைமை குறித்து அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரெமென்ஹியர் எழுதிய அறிக்கை அரசின் மேசைக்கு வந்திருந்தது. மிஷனரிகளும் மனுமேல் மனு கொடுத்தார்கள். அதன் பிறகு பஞ்சமர் கல்விக்கென்று சென்னை அரசு தனி ஆணை பிறப்பித்தது. பஞ்சமப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம், ஆசிரியர் பயிற்சிக்குச் செல்லும் பஞ்சமருக்கு உதவித்தொகை ஆகியவை அதில் இருந்தன. அதே காலத்தில் நம் மக்களும் கைகட்டி நிற்கவில்லை. அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் பத்திரிகை நடத்தினார்கள், மாநாடு கூட்டினார்கள், கல்வி கேட்டார்கள். 1894இல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார்.

1893 ஆணை நடைமுறையில் எவ்வளவு தூரம் போனது என்பது வேறு விஷயம். அதன் தர்க்கம்தான் நமக்கு முக்கியம். சமமில்லாத இடத்தில் நிற்கும் பள்ளிகளை ஒரே அளவுகோலால் அளந்து ஒரே அளவு மானியம் கொடுப்பது அநீதி, பின்தங்கிய இடத்துக்கு அதிகமாகக் கொடுக்க வேண்டும் என்பதே அந்தத் தர்க்கம். இன்று உலகம் முழுதும் கல்வி ஆய்வாளர்கள் பேசும் கருத்து இது. நம் முன்னோர் அதைப் பல தலைமுறைக்கு முன்பே கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

பள்ளி இருக்கிறது, வழி இல்லை

1919 வாக்கில் சென்னை அரசு வேறொரு கணக்கு எடுத்தது. இந்த முறை எண்ணியது தேர்ச்சியை அல்ல, கதவுகளை. மாகாணத்தில் பொது நிர்வாகத்தில் இருந்த 8,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் பஞ்சமப் பிள்ளைகள் நுழைய முடிந்தவை 600 சொச்சம்தான் என்று தெரியவந்தது. பல பள்ளிகள் அக்கிரகாரத்திலும் கோயிலை ஒட்டிய இடத்திலும் சாதி இந்துக்களின் சாவடியிலும் நடந்தன. அவற்றை எல்லாரும் வரக்கூடிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று அரசு சொன்னது.

நாம் படிக்க வேண்டிய பாடம் இந்தக் கணக்கில் இருக்கிறது. அதுவரை பிள்ளைகள் வரவில்லை என்று குற்றம் பிள்ளைகள்மேல் இருந்தது. சரியான கேள்வியைக் கேட்டதும் குற்றம் பள்ளியின்மேல், தெருவின்மேல், ஊரின்மேல் போனது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் எல்லாருக்கும் திறக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்ததையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தெருவில் நடக்க முடியாதவன் பள்ளிக்கு எப்படிப் போவான்? அளப்பவர் என்ன கேட்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் விடை.

ஒரே அலுவலகத்தில் பிறந்த இரண்டு வகைப் பள்ளிகள்

1920இல் தொழிலாளர் ஆணையர் பதவி உருவானது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீட்டுமனை, கிணறு, பள்ளி ஆகியவற்றைக் கவனிக்கும் பொறுப்பு அந்த அலுவலகத்துக்கு வந்தது. சாதி இந்துக்கள் நம் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த ஊர்களில் அந்தத் துறை தனிப் பள்ளிகளைத் திறந்தது. இன்று தமிழ்நாட்டில் 1,100க்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் வேர் அங்கே இருக்கிறது.

அதே காலத்தில் இந்தப் பகுதியில் இன்னொன்றும் நடந்தது. பிரமலைக் கள்ளர்மேல் குற்றப் பரம்பரைச் சட்டம் போடப்பட்டது. மக்கள் இதை ரேகைச் சட்டம் என்பார்கள். கைரேகை வைக்க மறுத்த மக்கள்மேல் 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. குறைந்தது 16 பேர் இறந்தார்கள். சட்டம் ஒரு கையில், சீரமைப்பு மறுகையில் என்று அரசு அடுத்த அடி எடுத்து வைத்தது. அதில் பிறந்தவை கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். அதுவும் தொழிலாளர் ஆணையரின் பொறுப்பில் வந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் 300க்கு நெருக்கமான எண்ணிக்கையில் அவை நடக்கின்றன. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள்.

ஒரு சமூகத்தைத் தீண்டத்தகாதவர் என்றார்கள், இன்னொரு சமூகத்தைக் குற்றவாளி என்றார்கள். இரண்டுக்கும் தனிப் பள்ளி, தனித் துறை. இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு சமூகங்களுக்கும் இடையே சாதி வன்முறையின் வரலாறு உண்டு. 1989இல் போடியில் நடந்ததை நம் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அதை மூடிமறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அரசு ஏட்டில் இரு வகைப் பள்ளிகளும் ஒரே விதத்தில் எழுதப்பட்டன என்பதையும் மறக்கக் கூடாது. பள்ளிக்குச் சிக்கல் இருக்கிறது என்று எழுதுவதற்குப் பதிலாக, பிள்ளைக்குச் சிக்கல் இருக்கிறது என்று பள்ளியின் பெயர்ப்பலகையிலேயே எழுதிவிட்டார்கள்.

தனித் துறை நமக்குக் கொடுத்ததும் உண்டு, பறித்ததும் உண்டு. பள்ளியே இல்லாத இடத்தில் பள்ளி கிடைத்தது. விடுதி கிடைத்தது. நம்மில் படித்தவர்களுக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. ஆனால் கல்வித் துறையின் ஆய்வும் பயிற்சியும் மற்றப் பள்ளிகளுக்குக் கிடைத்த அளவு கிடைக்கவில்லை. ஆதிதிராவிடர் நலப் பள்ளியின் மாவட்டப் பொறுப்பு வருவாய்த் துறை வழியில் வந்த அதிகாரியிடம் இருந்தது. அவர் கட்டடத்தையும் பதிவேட்டையும் பார்ப்பார். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு ஏன் வாசிப்பு வரவில்லை என்று பார்ப்பது அவர் கற்ற தொழில் அல்ல.

உதவிய காலமும் உண்டு

1953இல் ராஜாஜி அரசு கிராமப் பள்ளிகளில் பாதி நேரப் படிப்பைக் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. பிறகு பள்ளி இல்லாத ஊர்களைத் தேடிப் பள்ளி திறந்தார்கள். பசியால் பிள்ளை நிற்கிறான் என்று கண்டு 1956இல் மதிய உணவு தொடங்கினார்கள். கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊர் மக்களே கூடித் தங்கள் பள்ளிக்கு என்ன இல்லை என்று பட்டியல் போட்டுக் கட்டடம், பெஞ்சு, சீருடை என்று கொடுத்தார்கள்.

குறை கண்டால் தண்டிக்காமல் நிரப்புவது என்ற வழி இங்கேதான் பெரிய அளவில் வந்தது. நாம் அதை மதிக்கிறோம். ஒரு கேள்வியும் கேட்கிறோம். ஊர் கொடுக்கும் என்றால், எந்த ஊர்? நிலமும் கடையும் உள்ளவர்கள் தங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குக் கொடுப்பார்கள். சேரிப் பள்ளிக்கு யார் கொடுப்பார்கள்? நன்கொடையை நம்பும் திட்டம் எதுவானாலும், இன்றைய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' வரை, இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். கொடையாளர் இல்லாத பள்ளிக்கு அரசின் பங்கு இரட்டிப்பாக வேண்டும்.

இன்றைய எண்கள்

இன்று எண்களுக்குப் பஞ்சமில்லை. யூடைஸ் என்ற தரவுத் தொகுப்பில் ஒவ்வொரு பள்ளியின் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர், கழிப்பறை, குடிநீர் எல்லாம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு எமிஸ் உண்டு. 2021 நவம்பரில் தேசிய அடைவுத் தேர்வு நடந்தது. 2025 பிப்ரவரியில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு மாநில அடைவுத் தேர்வு நடந்தது. ஒன்றிய அரசு மாநிலங்களுக்கும் மாவட்டங்களுக்கும் தரவரிசைக் குறியீடு வெளியிடுகிறது.

மாதிரி எடுத்து நடத்தும் அடைவுத் தேர்வு மாவட்டத்தின் நிலையைச் சொல்லும். சமூகப் பிரிவு வாரியாகவும் சொல்லும். ஆனால் எந்தப் பள்ளிக்கு நாளை ஓர் ஆசிரியரை அனுப்ப வேண்டும் என்று சொல்லாது. பள்ளி வாரியான தேர்ச்சிப் பட்டியல் பள்ளியைக் காட்டும். ஏன் என்று காட்டாது.

அந்த 'ஏன்' இந்தப் பள்ளத்தாக்கில் கண்முன்னே நிற்கிறது. விடியும் முன்பே கம்பம், போடி, கூடலூர், உத்தமபாளையம் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கிளம்புகின்றன. அவற்றில் போகிறவர்களில் பெரும்பகுதி நம் பெண்கள். அம்மா இருட்டில் கிளம்பிய வீட்டில் பிள்ளைக்குத் தலைவாரி அனுப்புவது யார்? தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடும் பெண்பிள்ளையின் பெயர் பதிவேட்டில் 'வரவில்லை' என்று மட்டும் இருக்கும். வருசநாட்டு மலையிலும் போடி மலையிலும் வாழும் பளியர் குடியிருப்புப் பிள்ளைகளுக்குத் தூரமே முதல் தேர்வு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இந்தப் பள்ளத்தாக்குக்கு ஏன் அவசியம் என்று தெரிய வேண்டுமென்றால் அந்த ஜீப்புகளைப் பார்த்தால் போதும்.

ஆசிரியர் கணக்கையும் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் ஒருவரே ஐந்து வகுப்பு. 2022இல் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்பச் சொன்னபோது இடைநிலை ஆசிரியருக்கு அறிவித்த சம்பளம் மாதம் ரூ.7,500. இதையெல்லாம் பக்கத்தில் வைக்காமல் தேர்ச்சி சதவீதத்தை மட்டும் படிப்பவர் பாதிக் கணக்கைத்தான் படிக்கிறார்.

முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் கடைமடை வயலைத் திட்டுவதில்லை. மதகைப் பார்ப்பார்கள், வாய்க்காலைப் பார்ப்பார்கள், மேல்மடையில் யார் அதிகம் எடுத்தார்கள் என்று பார்ப்பார்கள், முறை வைத்து விடுவார்கள். நெல்லுக்கு இருக்கும் இந்த நியாயத்தைத்தான் பிள்ளைகளுக்கும் கேட்கிறோம்.

வெளிநாட்டு அனுபவம்

அமெரிக்காவில் 2002இல் ஒரு சட்டம் வந்தது. எல்லாப் பள்ளிகளும் ஆண்டுதோறும் தேர்வு இலக்கை எட்ட வேண்டும், எட்டாவிட்டால் படிப்படியாக நடவடிக்கை. அட்லாண்டா நகரில் ஆசிரியர்களே விடைத்தாளைத் திருத்தி மாற்றியது 2011இல் விசாரணையில் வெளிவந்தது. அதிகம் இழந்தவர்கள் கறுப்பினப் பிள்ளைகள். படிக்காமலேயே தேறியதாகக் காட்டப்பட்டதால் கிடைக்க வேண்டிய சிறப்பு வகுப்பு அவர்களுக்குக் கிடைக்காமல் போனது. 2015இல் சட்டத்தை மாற்றினார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கான ஒன்றிய நிதி பெறும் பள்ளிகளில் கடைசி 5 சதவீதத்தைக் கண்டறிந்து, ஆதரவுத் திட்டம் போட வேண்டும் என்றார்கள். கறுப்பினத்தவர், ஏழைகள், மாற்றுத்திறனாளிகள் என்று பிரிவு வாரியாகக் கணக்குக் காட்டும் கடமை இரண்டு சட்டங்களிலும் இருந்தது. சராசரி நன்றாக இருக்கும் பள்ளிக்குள் ஒரு சமூகத்துப் பிள்ளைகள் மட்டும் தொடர்ந்து பின்தங்கினால் அதையும் மறைக்க முடியாது. இங்கிலாந்தில் பள்ளியை ஒரே சொல்லில் முத்திரை குத்தும் ஆய்வு முறையை 2024இல் கைவிட்டார்கள்.

பிரிவு வாரிக் கணக்கு நமக்கு மிக முக்கியம். 80 சதவீதத் தேர்ச்சி என்று பெருமைப்படும் பள்ளியில் தேறாத 20 சதவீதம் யார்? சேரியிலிருந்து வந்தவர்களா? அருந்ததியர் பிள்ளைகளா? பளியர் பிள்ளைகளா? இதைக் கேட்டால் சாதி பேசுகிறாய் என்பார்கள். சாதி அங்கே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. நாம் அதை எண்ணச் சொல்கிறோம்.

இணைப்பும் பெயர் நீக்கமும்

2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில், ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி உள்ளிட்டவை பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப்படும் என்று அறிவித்தார்கள். அந்த ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்கவும் எல்லாவற்றையும் ஒரே துறையின் கீழ் கொண்டுவரவும் பரிந்துரைத்தது. ஆதரவும் வந்தது, எதிர்ப்பும் வந்தது. எதிர்த்தவர்களில் தலித் அமைப்புகளும் உண்டு, கள்ளர் அமைப்புகளும் உண்டு.

பெயர்ப்பலகையில் சாதியைச் சுமந்து பள்ளிக்குப் போகும் பிள்ளையின் வலி நமக்குத் தெரியும். பெயர் போகட்டும். ஆனால் 1893 முதல் போராடிப் பெற்ற கூடுதல் உரிமை பெயரோடு சேர்ந்து போகக் கூடாது. இணைப்பு என்ற சொல்லுக்கு நம் அனுபவத்தில் இன்னொரு பொருளும் இருக்கிறது. 2019இல் மாணவர் இல்லை என்று 46 அரசுப் பள்ளிகளை நூலகங்களாக மாற்றினார்கள். பிள்ளைகள் குறைந்தால் மூடு, பக்கத்துப் பள்ளியோடு சேர் என்ற கணக்கு வந்தால், அந்தப் பக்கத்துப் பள்ளி ஊர்த்தெருவைத் தாண்டி இருக்கும். 1919இல் எண்ணிய அதே தூரம் மறுபடி நம் பிள்ளையின் முன் வரும்.

எனவே இணைப்பு நடந்தால் நாம் கேட்க வேண்டியவை இவை. நம் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிக்குக் கூடுதல் ஆசிரியரும் கூடுதல் நிதியும் விதியாகவே எழுதப்பட வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆசிரியர் பணியிடங்களில் நம்மவர்களுக்கு இருந்த வாய்ப்பு குறையக் கூடாது. பள்ளியின் நிலமும் விடுதியும் வேறு பயனுக்குப் போகக் கூடாது. 2024இல் நிறைவேறிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தின் நிதியில் இந்தப் பள்ளிகளுக்கு எவ்வளவு என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

மாணவத் தோழர்களே, இது அறிக்கை விட்டுக் கலையும் வேலை இல்லை. உங்கள் ஊர்ப் பள்ளியின் யூடைஸ் அறிக்கை அட்டையை இணையத்தில் எடுத்துப் படியுங்கள். அதில் எழுதியிருக்கும் ஆசிரியர் எண்ணிக்கையும் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் எண்ணிக்கையும் ஒன்றா என்று பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட சமூகப் பெற்றோருக்கு அவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். உங்கள் ஊர்க் குழுவில் சேரியிலிருந்து எத்தனை அம்மாக்கள் இருக்கிறார்கள்? கூட்டம் அவர்கள் தோட்டத்திலிருந்து திரும்பும் நேரத்தில் நடக்கிறதா, கையெழுத்து மட்டும் வீட்டுக்கு வருகிறதா? 22ஆம் பிரிவின்படி அந்தக் குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுத வேண்டும். அதைக் கேட்டுப் பாருங்கள். கொடுக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

குறை எழுதும்போது ஆசிரியரை எதிரியாக்காதீர்கள். ஐந்து வகுப்பைத் தனியாகச் சுமக்கும் ஆசிரியர் நம் பக்கம் நிற்க வேண்டியவர். கேள்வி மேலே போக வேண்டும். இந்தப் பள்ளி பின்தங்கியது என்று எந்த ஆண்டு உங்களுக்குத் தெரிந்தது? தெரிந்த பிறகு யாரை அனுப்பினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், எப்போது மறுபடி வந்து பார்த்தீர்கள்? பள்ளியை அளக்கும் உரிமை அரசுக்கு இருக்கிறது. இந்த மூன்று கேள்விகளுக்கும் தேதியோடு பதில் சொல்லும் கடமையும் அதற்கு இருக்கிறது. அந்தப் பதிலைக் கேட்டு வாங்குவது நம் தலைமுறையின் வேலை.